அரிசிக்கும் முடிக்கும் ஒரே ஓசை

நாலணா அளவுதான் முதலில்,
வலது காதுக்குப் பின்னால்.
புழுவெட்டு என்றாள் அம்மா.
சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள்.
எரிந்தது. எரிந்தால் முளைக்கும் என்றாள்.
தீபாவளிக்குள் தலை போனது.
தைக்குள் புருவம்.
இமை எப்போது போனதென்று
குறித்து வைக்கவில்லை.

இமைமுடி எதற்கென்று
இருப்பவர்களுக்குத் தெரியாது.
அனவ்ரட்டா சாலையில் பஸ் திரும்பினால்
புழுதி நேராக என் கண்ணுக்குள் இறங்கும்.
புருவமில்லாத நெற்றியில்
வியர்வையை நிறுத்த ஆளில்லை.
மூக்குக்குள்ளும் ஒன்று மிச்சமில்லை,
சளியில்லாமலே ஒழுகும்.
அழுகிறாள் பார் என்பார்கள்.
பாதி நேரம் அழவில்லை.

பள்ளியில் எனக்கு மூன்று பெயர்.
பதிவேட்டில் மா வின் மே.
வீட்டில் செங்கமலம்.
மூன்றாவது, கடைசி பெஞ்சு வைத்தது:
கடோன். மொட்டை.
தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் கூப்பிட்டார்கள்.
தமிழில் எழுதச் சொன்னால் தவறும் பிள்ளைகள்;
அந்த ஒரு சொல்லில் மட்டும்
பிழையே வராது.

ஜூலை மாதம், வெளியே மழை.
கஜபதி என் தலைத்துணியை உருவி
மின்விசிறி இறக்கையில் கட்டினான்.
கரண்ட் இல்லை.
வகுப்பு முழுவதும்,
ஒழுங்காகக் கைகட்டி,
கரண்ட் வரக் காத்திருந்தது.
இரண்டேகால் மணிக்கு வந்தது.

கோயிலில் கேட்பார்கள்,
எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று.
பெகு முனீஸ்வரருக்கு என்பேன்.
ஆறு மாதம் கழித்து அதே வாய் கேட்கும்,
வேண்டுதல் இன்னுமா தீரவில்லை?
சின்னக்கா கல்யாணத்தில்
ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்,
பளுவாக இருக்குமாம்.

இந்த ஊரில்
எட்டே எட்டு முடிக்கு
ஒரு குன்று நிறையத் தங்கம் போர்த்தியிருக்கிறார்கள்.
எங்கள் சமையலறைச் சன்னலில் தெரியும்,
இரவிலும்.
நானும் ஒரு தீப்பெட்டியில் சேர்த்திருந்தேன்,
தலையணையில் பொறுக்கியது.
எட்டுக்கு மேலேயே இருந்தது.
வீடு கூட்டும்போது போய்விட்டது.

பத்தொன்பது வயதில் ஒரு காலை.
விக் டேப் பட்ட இடமெல்லாம் கொப்புளம்,
அதனால் தலையில் ஒன்றுமில்லை.
சாயம் போன ரோஸ் சட்டை, ரோஸ் லுங்கி.
மறுநாள் பௌர்ணமி
என்பது நினைவிலில்லை.
இருபத்தொன்பதாம் தெரு மாடிப்படியில் ஒருத்தி
கும்பாவோடு ஓடி வந்தாள்.
ஸன் தருகிறேன், நில்லுங்கள் என்றாள்.
அரிசி, ஸன்.
அந்தத் தங்கத்துக்கடியில் இருக்கும் முடியும் ஸன்.
முடி தருகிறேன் என்றுதான்
என் காதில் விழுந்தது.
நின்றேன்.

செருப்பைக் கழற்றி ஈரத்தில் மண்டியிட்டாள்.
என் மீன் பையில் அரிசியைக் கொட்டினாள்.
வாழ்த்துக்குக் காத்திருந்தாள்.
பிக்குணிகள் சொல்லும் பாலி எனக்கு எங்கே தெரியும்?
ஏழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தேன்.
ஏழேழு நாற்பத்தொன்பதில்
கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று நாள் அந்தப் பையைத் தொடவில்லை.
நான்காம் நாள் கஞ்சி வைத்தோம்.
கல் நிறைய.

இப்போது பன்ஸொடானில் ஒரு ஸ்டூடியோவில் வேலை.
பருவைத் துடைப்பேன், பல்லை வெளுப்பேன்,
மாப்பிள்ளைகளுக்கு முடி போடுவேன்.
அதற்குத் தனிக் கட்டணம்.

போன வியாழன் கஜபதி வந்தான்.
ஜாதகத்தோடு அனுப்ப ஒரு படம் வேண்டுமாம்.
முன்நெற்றி கடல் மாதிரி ஏறியிருந்தது.
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே,
கொஞ்சம் நிரப்பிக் கொடுங்களேன் என்றான்.
என்னை அடையாளம் தெரிந்ததா,
தெரியாது. பார்வை கீபோர்டிலேயே இருந்தது.

இடது வகிட்டிலிருந்து தொடங்கினேன்.
ஒவ்வொன்றாகத்தான் வரைய வேண்டும்,
மொத்தமாகப் பூசினால் பொய் தெரியும்.
பாதி நெற்றி வந்திருக்கும்,
கரண்ட் போனது.

இருட்டில் என் மூக்கு ஒழுகியது.
அழுகிறீர்களா என்றான்.
இல்லை என்றேன்.
இருவரும்
கரண்ட் வரக் காத்திருந்தோம்.