ஒன்று குறைத்து

பதிவில் என் குரலுக்கு என்னைவிட வயது குறைவு.
போன ஜூனில், அங் மோ கியோ வீட்டில்,
துணி காயும் மூங்கில் கழிகள் திரையில் விழாதபடி
மேசையைத் திருப்பிப் போட்டுப் பேசியது.
மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைத்தார்கள்.
துளைப்பு நின்ற இடைவெளிகளில்
திட்ட விலக்கம் நடத்தினேன்.

ஏற்பாடு இதுதான்:
பாடம் அவரவர் வீட்டில், அவரவர் நேரத்தில்.
வியாழக்கிழமை மட்டும் வகுப்பறை, கணக்குகள்.
கலப்புமுறைக் கற்றல் என்றது சுற்றறிக்கை.
காப்பியும் பாலும் மாதிரி என்றார்
துறைத் தலைவர் திருவாட்டி கோ.
எனக்குக் கோப்பி ஓதான் பழக்கம்.
சொல்லவில்லை.

திங்கள்தோறும் கல்லூரித் தளம் அறிக்கை அனுப்பும்.
இருபத்து மூவரில் பத்தொன்பது பேர் திறந்தார்கள்,
பதினோரு பேர் முடித்தார்கள்,
ஒருவர் அதிகாலை மூன்றேகாலுக்கு.
யார் கொட்டாவி விட்டார் என்பதற்கு
அதில் கட்டம் கிடையாது.
முன்பெல்லாம் எனக்கு
அது ஒன்றுதான் தெரியும்.

செவ்வாய் இரவு, நொவீனாவில்
ரயில் கதவோரம் வந்து நின்றான் ஹைக்கல்.
சட்டை முதுகில் கோழிச்சோற்றுக் கடையின் பெயர்.
கையில், கைபேசியில், நான்.
இரட்டை வேகத்தில் என் உதடுகள்
தொட்டி மீனுடையவை போல.

ஓரிடத்தில் பின்னால் தள்ளினான்.
மறுபடி.
மறுபடி.
அவன் தோளுக்கு மேலே
கீழோடும் எழுத்துகளைப் படித்தேன்:
"இங்கே எதற்கு ஒன்றைக் கழிக்கிறோம் என்றால்...
சரி, இப்போதைக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."

மேல்மாடி திரும்பத் துளைக்கத் தொடங்கிய இடம்.
வேறு காரணம் இல்லை.
அவனுக்கு அது எப்படித் தெரியும்.
மூன்று முறை கேட்டான்,
மூன்று முறையும் நான்
அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு எட்டு வைத்துக் கூப்பிட்டிருக்கலாம்.
ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருந்தது என்னை.
குறுக்கே பேச
என்னவோ போலிருந்தது.
பீஷானில் கூட்டம் ஏறி
எங்களுக்கு நடுவில் நின்றுகொண்டது.

வியாழன். குளிர்சாதனம் வழக்கம்போல் அதிகம்.
நடத்த வேண்டியதை விட்டுவிட்டுப்
பலகையில் ஐந்து கோப்பைகள் வரைந்தேன்.
ஐந்து பேர், காப்பிக் கடை, ஒரே பில்.
மொத்தம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும்.
நான்கு பேர் தங்கள் பங்கைச் சொல்லிவிட்டால்
ஐந்தாமவர் வாயே திறக்க வேண்டாம்,
அவர் கணக்கு முடிந்துபோயிற்று.
சராசரியை முன்கூட்டியே பிடித்துவைத்தால்
யாரோ ஒருவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.
அந்த ஒருவரைத்தான் கழிக்கிறோம்.

முன்வரிசையில் ஷு யிங் "ஓ" என்றாள்.
நீளமாக. அவளை அறியாமல்.
பதினான்கு ஆண்டுகளாக
அந்த ஓவுக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அப்புறம்தான் பார்த்தேன்,
பதிவுப் பொத்தானின் சிவப்பு எரியவில்லை.
வகுப்பில் இருபத்திரண்டு பேர்.
கடையில் ஆள் பற்றாதாம்,
ஹைக்கல் வரவில்லை.

இரவு பத்தரைக்கு மேசையைத் திரும்பவும் திருப்பினேன்.
மேல்மாடியில் சத்தமே இல்லை,
அதுவும் தொந்தரவாக இருந்தது.
அதே கோப்பைகள், அதே பில்.
ஷு யிங் ஓ சொன்ன இடம் வந்ததும்
சும்மா நிறுத்திவிட்டேன்,
கேமராவின் புள்ளியைப் பார்த்தபடி,
ஒரு மூச்சு நேரம்.
வெட்டிவிடலாம் என்றது மென்பொருள்:
இங்கே பேச்சில்லை.
இருக்கட்டும் என்று விட்டேன்.
நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

காலையில் பார்த்தேன்.
பார்த்தவர்: ஒருவர்.
நேரம்: ஒன்று நாற்பது.
வேகம்: ஒன்று.

எண்ணின் மேல் விரலை வைத்தால்
பெயர் வரும்.
வைக்காமல்
பல் துலக்கப் போனேன்.