பதினான்காம் வரி

ஹான்காக் நூலகத்தின் கீழ்த்தளம்.
வியாழன்தோறும் மடக்கு மேசையை விரிக்கிறேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன்.
கட்டிய வீட்டு வரியில் கொஞ்சத்தை
மிச்சிகன் அரசு திருப்பித் தருமா என்று
பிறருக்காக வரி வரியாகப் படித்துப்
படிவம் நிரப்புகிறேன். கூலி இல்லை, காப்பி உண்டு.

லெம்பி ரௌட்டியோ வந்தார், பூட்சில் பனியோடு.
ரொட்டி உறைக்குள் ரசீதுகள்.
ஒவ்வொன்றிலும் மாவு.

வீடு உங்கள் பெயரில்தானா?
ஆம்.
அதில்தான் குடியிருக்கிறீர்களா?
"கூரைப் பனியை வாரித் தள்ள
பின்னே யார் ஏறுகிறார்கள்?"
அதற்குக் கட்டம் இல்லை. ஆம் என்று குறித்தேன்.

உடன் வாழ்பவர் எவரேனும்?

கையுறையைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

தம்பி உர்ஹோ.
நிலவறையில், கொதிகலன் பக்கத்துக் கட்டிலில்.
மர ஆலையில் ஒடிந்த முதுகுக்கு
மாதம் ஒரு காசோலை.
"ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.
படகு மோட்டார் விற்ற காசு, விடுங்கள்.
அவன் உலை கீழே, என் உலை மேலே.
இது ஒரு குடும்பமா, நீங்களே சொல்லுங்கள்."

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
கூரை எத்தனை என்றுதான் கேட்டது,
உலை எத்தனை என்று கேட்கவில்லை.

பதினான்காம் வரியில்
உர்ஹோவின் பணத்தைக் கூட்டினேன்.
வரம்புக்கு மேல்
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

அவனை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை.
அழிப்பானை மேசை நடுவுக்கு நகர்த்தினேன்,
அவ்வளவுதான்.
அவர் அதைப் பார்த்தார்.
"இருக்கிறவனை இல்லையென்று எழுத வேண்டாம்.
வேறு வழி?"

மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டியதைக் கழிக்கலாம்.
அவர் கட்டியது தெரியும்.
உர்ஹோ கட்டியது?
"கீழே இருக்கும்," என்றார்.
"எத்தனை படி?" என்று ஏனோ கேட்டேன்.
"பதினொன்று. ஒன்று ஆடும்."

அடுத்த வியாழன் வரவில்லை.
அதற்கடுத்ததும் இல்லை; புயல், நூலகமே மூடல்.
மார்ச் கடைசியில் வந்தார்,
மீன் தூண்டில் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு.
உள்ளே மாத வாரியாகச் சீட்டுகள்,
பென்சிலில் கூட்டிய தொகை, கீழே இரண்டு கோடு.
அவர் கையெழுத்து இல்லை அது.

கழித்தேன். வரம்புக்குள் வந்தது,
முப்பத்தெட்டு டாலர் இடைவெளியில்.

"பேசினீர்களா?"
"கத்தினான். நானும்.
சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது."
கையெழுத்திட்டார், அழுத்தி,
கீழ்த்தாளிலும் பதியும்படி.

பிறகு தூண்டில் பெட்டியை மூடியபடி,
"வருவதில் பாதி வேண்டுமாம் அவனுக்கு.
மோட்டார் காசையும் சேர்த்துக் கேட்கிறான்."