சார்பு

றெட்பானாவில் சாவு கூடவாம்,
தொட்டியடியில் குறைவாம்.
கம்பஸில் இருந்து வந்த பெடியன்
தேர்தல் முடிவைப் பக்கத்தில் விரித்தான்.
"எந்தச் சின்னம் அண்ணை ஊசிக்கு மறுப்பு?"

வீடு வீடாய்ப் பதியப் போனவன் நான்.

பூரணேஸ்வரி எவருக்கும் புள்ளடி போட்டதில்லை.
"ஊசி ஆர் போடினம்?"
"ஆமி. பள்ளிக்கூடத்தில."
"பேர் பதியோணுமோ?"
"ஓம், வரிசையில நிண்டு."
உள்ளே போய் ஒரு துண்டோடு வந்தாள்.
மகன்ர பேர், இலக்கம்,
மை ஊறி.
"ஒருக்காப் பதிஞ்சனான், தம்பி."

புரட்டாதியில் அவளை
வவுனியாவுக்கு ஏற்றினார்கள், எரிக்க.
பையின் மேலும் ஓர் இலக்கம்.

பெடியனின் படிவத்தில்
சார்பு என்றொரு கட்டம் மிச்சம்.
'வரிசை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அது ஆற்ற சின்னம் என்று கேட்டான்.