கத்தரிக்கோல் வீடு

வருஷத்தில் நாற்பத்திரண்டு தண்ணீர் வடிகட்டி விற்றேன்.
பகாவ் கிளையில் நான்தான் முதல்.
தோளில் சிவப்புத் துண்டு போட்டு, கைதட்டி,
கென்யாவுக்கு ஐந்து நாள் அனுப்பினார்கள்.

மாலிந்திக் கடற்கரை.
நம் வெயில்தான், அதே உப்புப் பிசுபிசுப்பு;
வெள்ளைக்காரர்கள் அதற்குக் காசு கட்டிக்
குப்புறப் படுத்திருந்தார்கள்.
பசியாற எட்டு வகைப் பழம். சம்பல் இல்லை.

மூன்றாம் நாள் வேனில் ஏற்றிக்
காட்டுக்குள் ஒரு பழைய ஊரைக் காட்டினார்கள்.
பவளக்கல் சுவர். கூரை கிடையாது.
சுவாஹிலிக்காரர்கள் கட்டியது,
ஏன் விட்டுப்போனார்கள் என்பதற்கு
ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.
கல்லறைத் தூணில் வட்டவட்டமாகக் குழி,
பீங்கான் பதித்திருந்ததாம்,
எவனோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான்.

"இது கத்தரிக்கோல் வீடு," என்றான் கரிசா.
"அது சீனக்காசு வீடு. அந்தப் பக்கம் பீங்கான் கிண்ண வீடு."
குடியிருந்தது யார்?
"தோண்டும்போது எது கிடைத்ததோ, அதுதான் பெயர்."
கிண்ணம் எங்கள் மலாக்கா வழியாகத்தான் வந்திருக்கும் என்றேன்.
இருக்கலாம் என்றான்.
அடுத்த கூட்டம் காத்திருந்தது.

திரும்பி வந்த திங்கட்கிழமை
ஆறாங்கட்டைத் தோட்டம். மூன்று தவணை பாக்கி.
லயத்தில் ஆளில்லை.
கதவைக்கூடக் கழற்றிப் போயிருந்தார்கள்.
செம்பனை ஓலை ஜன்னலுக்குள் கைவிட்டுத் துழாவியது.
காலண்டர் இருந்த சதுரம் மட்டும் சுவரில் வெளுப்பாக,
ஒற்றைச் சிலிப்பர்,
அடுப்படியில் என் வடிகட்டி.
பதினேழாவதோ, பதினெட்டாவதோ.

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
தெய்வயானை அ/பெ கொளந்தை.
அடையாள அட்டை எண். கோணல் கையெழுத்து.
கைப்பேசி அடித்தேன்,
அந்த எண் பயன்பாட்டில் இல்லையென்று
மலாய்க்காரப் பெண் குரல் இரண்டு முறை சொன்னது.
விற்க வந்த அன்று எனக்கு மைலோ கலக்கித் தந்தவள்.
"பைப்புத் தண்ணி செம்மண்ணா வருது, தங்கச்சி,
புள்ளைங்க பள்ளிச் சட்டையெல்லாம் பழுத்துப்போவுது."

பணம் இல்லையென்றால் பொருள்,
கம்பெனி அப்படித்தான்.
திருகாணி துருவேறி இறுகியிருந்தது.
அரைமணி நேரம். உள்ளங்கை சிவந்துவிட்டது.
சுவரில் நாலு ஓட்டை மிச்சம்.
கரிசா வந்து நின்றால்
இந்த வீட்டை என்னவென்று சொல்வான்?

பின்சீட்டில் சாய்த்து வைத்தேன்.
பகாவ் வரும்வரை
சொட்டிக்கொண்டே வந்தது
அவர்கள் குடிக்காமல் விட்டுப்போன தண்ணீர்.