காலிப் பெட்டி

காராஷோக், தொண்ணூற்றெட்டு,
சூரியன் வராத டிசம்பர்.
பிறப்புப் பதிவேட்டில் இங்கா என்று அடித்தால்
நடு எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு காலிப் பெட்டி.

நமக்கு அது ங.
சாமி மொழியில்
வால் முளைத்த ஓர் ‘என்’.

நிறுவனத்துக்கு எழுதினார்கள்.
‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில்’ –
மூன்றாம் குளிர்காலத்திலும் அதே வரி.
வாடகை வீடு,
ஆணி அடிக்கக் கூடாது.

நீலாஸ் மகளைத் தூங்கவைத்துவிட்டு
லினக்ஸின் எழுத்துருக் கோப்பைத் திறந்தான்.
புள்ளி புள்ளியாய் வால் வைத்தான்.
விடியாத விடிகாலையில்
திரையில் அவள் பெயர், முழுசாய்.

அச்சுப்பொறிதான் அவனைச் சட்டை செய்யவில்லை.

“என்னுடையது அச்சடிக்கும்” என்றான்
நகராட்சி எழுத்தர் தூர்கெய்ர்.
அடித்தது.
பளிச்சென்று, பிசிறில்லாமல்,
காலிப் பெட்டி.

நீலாஸ் பேனாவை எடுத்து
அதற்குள் மகளின் எழுத்தைக் குடிவைத்தான்.

தூர்கெய்ர் வெகுநேரம்
முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தான்.