படம் என்று மட்டும் சொன்னது

சனிக்கிழமை தண்ணீர் வராது
என்பதைப் படமாகத்தான் போட்டேன்.
நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து,
மூலையில் அழுகிற முகத்தோடு ஒரு குழாய்.
தாமான் முழுக்கப் பாராட்டியது.

புனிதமலரின் கைப்பேசி
அத்தனையையும் ஒரே சொல்லில் வாசித்தது:
"படம்."

சனிக்கிழமை காலை
தலையில் ஷாம்பு நுரையோடு அழைத்தாள்.
திட்டவில்லை.
"என்ன படம்டா போட்ட, முருங்கைக்காயா?"

பாகாவ் டவுனிலிருந்து வந்த லோரியில்
இரண்டு வாளி பிடித்துக்கொண்டு ஓடினேன்.
செம்பனை ஆலையின் வாடை
அன்று கூரைக்குக் கீழேயே நின்றது.
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
"மொதல்ல தண்ணி" என்றாள்.

இரவு உட்கார்ந்து
மூன்று வருடத்துப் படங்களுக்கு
வார்த்தை தேடினேன்.
'திருவிழா' என்று எழுதினேன்.
படம் அசையவில்லை.
'மழையில் தேர். குடை பிடித்த போலீஸ்காரர்.
ஒற்றைச் செருப்போடு மற்றொன்றைத் தேடும் ஆள்.'
இப்போது கொஞ்சம் நகர்ந்தது.

'அழகான காட்சி' என்றதை
அவள்தான் அடிக்கச் சொன்னாள்.
"அழகா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்.
என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு."

கூட்டுறவுச் சங்க ஆண்டுக்கூட்டம்:
இரண்டாம் வரிசையில் அவளும் இருந்தாள்.
எல்லாரும் கேமராவைப் பார்க்க
அவள் முகம் மட்டும்
மின்விசிறி சத்தம் வரும் பக்கம்.
'பார்வையற்ற பெண்' என்று எழுதினேன். அழித்தேன்.
'ஒரு பெண்' என்று எழுதினேன். அழித்தேன்.
பதினோரு மணிக்கு அவளையே கேட்டேன்.

"கிளினிக்கில போன் எடுக்கற புனிதமலர்னு போடு.
ஊருக்கே தெரியும்.
வேற என்ன தெரியுது?"

பச்சைச் சேலை, என்றேன்.

அந்தப் பக்கம்
தொலைக்காட்சி நாடகத்தில் யாரோ அழுது முடித்தார்கள்.

"பச்சையா?
நீலம்னு சொல்லித்தானே வித்தான்
அந்த சிரம்பான் கடைக்காரன்!
ஆறு வருசமா
நீலத்துக்குப் பொருத்தமா வளையல் வாங்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.
கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

"சரி, பச்சைன்னே எழுது.
வளையலைப் பத்தி எழுதாதே."

அறிவிப்புகளின் அடியில் நான் ஒட்டும்
பூக்கொடிக் கரைக்கு
ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
அவள் விரல் அங்கே நிற்க வேண்டாம்.

இந்தச் சனிக்கிழமையும் தண்ணீர் இல்லை.
காலை எட்டு முதல் மாலை ஆறு வரை.
முதல் வரியிலேயே இருக்கிறது.
அழுகிற குழாய்
இரண்டாம் வரியில்.