வெள்ளை என்றுதான் சொன்னேன்

செவ்வாய்ப்பேட்டையில் என் தட்டுவடை வண்டிக்கு
பதினோரு வருடமாக இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள்.
பசித்தவர்கள்.
கனிஷ்காவைப் பற்றிக் கேட்கிறவர்கள்.

இரண்டாம் வகையும் ஒரு செட் வாங்கிக்கொள்ளும்,
சும்மா கேட்டால் நன்றாக இருக்காதென்று.
பீட்ரூட் துருவலை நான் அள்ளி வைக்கும்போது
மெதுவாக ஆரம்பிப்பார்கள்:
"அந்தப் புள்ள கடைசியா நின்னது இங்கதானுங்களா?"

இங்கேதான்.
ஆடிப் பண்டிகைக் கூட்டம், தெருவே
ஒரு பக்கமாய் நகர்ந்துகொண்டிருந்தது.
ஏழு வயது. முன்பல் இரண்டு விழுந்திருந்தது,
கடைவாயில் ஒதுக்கிக் கடித்தாள்.
அதற்குமேல்
என்னைவிட ஊருக்குத்தான் தெரியும்.

கொலுசுக்காகத்தான் என்றார்கள் வெள்ளிப் பட்டறைக்காரர்கள்,
பார்க்காத கொலுசுக்கு எடை முதற்கொண்டு சொன்னார்கள்.
லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள்
மஞ்சள் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள் அவளை.
சீட்டு கட்டி ஏமாந்த தனபாக்கியம்
கடன்காரன் வேலை என்றாள்.
பிள்ளையில்லாத ஒருத்தி மட்டும்
எங்கேயோ நல்லா வளர்க்கிறாங்க என்று சொல்லிவிட்டு
தின்னாமல் போனாள்.

ஏற்காட்டு பஸ் கண்டக்டர் பார்த்தேன் என்றார்,
பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில்,
காப்பிப்பழக் கூடையோடு.
மூன்று வண்டி பிடித்துப் போய்
ஒரு சிறுமியை நிறுத்தி மச்சம் தேடினார்கள்.
அவளுக்கு ஒரு அம்மா இருந்தாள்,
அரிவாளோடு வந்தாள்.

அப்பன் சின்னப்பையனை இரண்டு வருடம் சந்தேகப்பட்டது தெரு,
அழவில்லை என்பதால்.
ஒருநாள் நடுரோட்டில் அழுதான்.
அதனாலும்.

பெட்ஷீட் விற்க வந்த வடக்கத்திப் பையனைக்
கம்பத்தில் கட்டினார்கள், பையில் மிட்டாய் இருந்ததாம்.
அடித்தவர்களில் இரண்டு பேர்
கை கழுவ என் குடத்துத் தண்ணீர் கேட்டார்கள்.
கொடுத்தேன்.

எல்லாக் கதையிலும் ஒரு வெள்ளை வேன் உண்டு.
அது என் வாயிலிருந்து கிளம்பியது.

அன்றைக்கு ராத்திரி ஸ்டேஷனில்
எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்:
"வேன் ஏதாச்சும் நின்னுச்சா? வெள்ளையா?"
பண்டிகை நாளில் வேன் நிற்காத தெரு ஏது.
நாலு மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன்,
வண்டியில் சட்னி ஊசிப்போயிருக்கும்.
ஆமாங்க, வெள்ளைதான் என்றேன்.

அடுத்த வாரம் அதற்குக் கறுப்புக் கண்ணாடி வந்தது.
அடுத்த மாதம் வெளிமாநில நம்பர்.
பிறகு ஒரு பொம்பளை ஏறி உட்கார்ந்தாள், மூக்குத்தியோடு.
இப்போது கண்ணை மூடினால்
எனக்கே அந்த மூக்குத்தி மினுங்குகிறது.

வளர்மதி மட்டும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
போன செவ்வாய்க்கிழமை வந்தாள், மழை கட்டுகிற நேரம்.
தார்ப்பாயை இழுத்துக்கொண்டே
வேனைப் பற்றிச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"அன்னிக்கு முழுசா தின்னாளாக்கா?
மத்தியானம் சோறு வேண்டாம்னுட்டா."

தின்னா கண்ணு.
காகிதத்துல ஒட்டியிருந்த துருவலையும் வழிச்சுத் தின்னா.
காரம், உஸ்ஸுன்னு தண்ணி கேட்டா.
மீதி ரெண்டு ரூபா இருந்துச்சு,
நாளைக்கு வாங்கிக்கறேன்னா.

வளர்மதி தலையாட்டினாள்.
நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.
பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு
மழைக்குள் போய்விட்டாள்.

வேனைப் பற்றி நான் சொல்லவில்லை.

தூறல் விட்டதும் ஒருவர் வந்தார், புதுமுகம்.
ஒரு செட், காரம் கம்மியா என்றார்.
துருவலில் கை வைத்தேன்.
"இங்கதானுங்களா..." என்று ஆரம்பித்தார்.
வெங்காயம் போடட்டுங்களா என்று கேட்டேன்.